கம்பனித் தொப்பி போட்ட மகளுக்கு

முத்துமாரி அம்மன் துணை

சல்லி,
திருகோணமலை.

அன்புள்ள லோஜனாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் தம்பி கோகுலனும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறோம், பிரிஸ்பேனில் முதல் பட்டம் முடித்துவிட்டு நிற்கிற நீயும் சுகமாய் இருப்பாய் என்று நம்புகிறேன். சுகம் விசாரிக்க இந்த அளவு போதும். நீ திரும்பத் திரும்பப் போன் எடுத்தும் நான் கதைக்காததற்கு அப்பா சொன்ன காது வலி காரணம் இல்லை, கோபம்தான் காரணம். வாயால் சொல்லத் தொடங்கினால் நான் அழுவேன், நீயும் அழுவாய், கதை அதோடு முடிந்துவிடும். அதனால் எழுதுகிறேன்.

துறைமுகத்துக்குள் அள்ளுகிற சேற்றை எங்கள் கடலில் கொட்டப்போகிற கம்பனியை உனக்குத் தெரியும். மாதர் சங்கத் தலைவியாய் நான் அதை எதிர்த்து வெயிலில் அலைந்ததும் தெரியும். போன கிழமை அவர்கள் பலநோக்கு மண்டபத்தில் ஊரைக் கூட்டினார்கள். சேறு கடலுக்கடியில் மீன் அடைகிற முருகைக்கல்லில் படிந்தால் மீன் எங்கே போகும், கரைவலை இழுக்கிற சனம் எங்கே போகும் என்று நான் எழும்பிக் கேட்டேன். வந்திருந்த கம்பனி அதிகாரி சிரித்துக்கொண்டு திரையில் ஒரு படத்தைப் போட்டான். நீதான். கம்பனியின் பெயர் எழுதிய தொப்பியோடு பல் தெரிய நிற்கிறாய். "அம்மா, உங்கட மகள் எங்கட புலமைப்பரிசில்லதான் சுற்றாடல் முகாமைத்துவத்தில முதுமாணிப் பட்டம் படிக்கப் போறா. அவவுக்கு விளங்கினது உங்களுக்கு ஏன் விளங்கேல்லை?" என்று கேட்டான். நீ விண்ணப்பித்ததே எனக்குத் தெரியாது. மண்டபம் சிரித்தது. என் கையில் இருந்த மைக்கை யார் வாங்கினார்கள் என்றுகூட நினைவில்லை. வெளியே வரும்போது பக்கத்து வீட்டுப் பாக்கியரத்தினம், உன்னைக் கைக்குழந்தையில் தூக்கித் திரிந்த மனிசி, "மகளுக்கு இடம் எடுக்கத்தானோ இவ்வளவு நாளும் கத்தினனீர்?" என்று கேட்டா. அடுத்த நாளே என்னை இறக்கிவிட்டு ஜெயரூபியைத் தலைவியாக்கினார்கள். அவர்களின் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். அப்பாவை வலை இழுக்கக் கூப்பிடுவதையும் நிறுத்திவிட்டார்கள். அந்த மனிசன் விடியவே எழும்பி, போக இடமில்லாமல் முற்றத்தைக் கூட்டுகிறார். அப்படியும், "பிள்ளையை ஏசி எழுதாதையும்" என்று எனக்குச் சொல்கிறார்.

கோகுலனைப் பிடித்துக் கேட்டபோதுதான் எல்லாம் வந்தது. தம்பிக்குச் சொல்லியிருக்கிறாய், பெற்றவளுக்குச் சொல்லவில்லை. இன்னொரு பல்கலைக்கழகமும் உனக்கு இடம் தந்ததாம். அங்கே கரையோரம், களப்பு, மீனவர் வாழ்வு எல்லாம் படிக்கலாமாம், ஆனால் படிப்பு முடிந்ததும் வேலை நிச்சயம் இல்லையாம். இதில் கம்பனியிலேயே பயிற்சியும் வேலையுமாம். அதோடு நீ அவனுக்கு ஒரு நியாயமும் சொன்னாயாம், உள்ளுக்குப் போனால்தான் அவர்களை மாற்ற ஏலும் என்று. லோஜனா, நீ உள்ளே கால் வைக்குமுன்னமே உன்னை வைத்து என் வாயை அடைத்துவிட்டார்கள். நீ யாரை மாற்றப் போகிறாய்? வேலை வேண்டும் என்று போயிருந்தால் அதைச் சொல்லியிருக்கலாம், வயிற்றுப்பாடு எனக்கு விளங்காத விசயம் இல்லை. ஊருக்கு நல்லது செய்யப் போகிறேன் என்று சொல்லாதே. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

நேற்று நான் தனியாக மாவட்ட அலுவலகத்துக்கு, அதுதான் கச்சேரிக்கு, போய்ச் சேறு கொட்டுவதை எதிர்த்து என் பெயரில் மட்டும் ஆட்சேபம் கொடுத்தேன். அங்கே கடிதம் வாங்கிய பெண்பிள்ளையும் அன்றைக்குக் கூட்டத்துக்கு வந்ததாம், அந்தப் படத்தில் இருந்தது உங்கள் மகள்தானே என்று கேட்டது. ஓம், என்ர மகள்தான், அவ அவவின்ர வழி, நான் என்ர வழி என்று சொன்னனான். சொல்லிவிட்டு வந்து பஸ் நிலையத்தில் இருந்தவள், சல்லி பஸ் வந்து போனதைக் கவனிக்கவே இல்லை.

பயிற்சிக்கு உன்னை இங்கேயே அனுப்புவார்களாம், அதையும் அந்த அதிகாரி பெருமையாய்ச் சொன்னான். வந்தால் மேசைக்கு அந்தப் பக்கம் நீ இருப்பாய், இந்தப் பக்கம் நான் இருப்பேன். மகள் என்று பார்க்கமாட்டேன், அவனிடம் கேட்டதையே உன்னிடமும் கேட்பேன், ஊருக்கு முன்னால் நீ பதில் சொல்லவேண்டும். பிறகு வீட்டுக்கு வா. சோறு போடுவேன், கதைக்கமாட்டேன். மற்றப் பல்கலைக்கழகத்துக்குப் பதில் சொல்ல இந்த மாதம் முடியும்வரை தவணை இருக்கிறது என்று கோகுலன் சொல்கிறான். இருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன், கெஞ்சவில்லை.

இரத்தம் குறைவு என்று தந்த குளிசையை இடையில் விடாதே. குளிருக்குள் தலை ஈரத்தோடு வெளியே போகாதே. அம்மன் உன் உடம்பைக் காக்கட்டும். உடம்புக்கு மட்டும்தான் கேட்டிருக்கிறேன், அந்தப் படிப்புக்காக அவளிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை.

இப்படிக்கு,
இன்னும் உன் அம்மாவாய் இருக்கிற
சின்னராசா இரத்தினேஸ்வரி