விஷக்காரி என்று இனி சொல்ல மாட்டேன்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் கைகால் சுகத்தோடு இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் பாப்பாவும் அங்கே அப்படியே இருக்கிறீர்கள் என்பதை உன் கையெழுத்தில் பார்த்தால்தான் மனசு அடங்கும். அம்மாவின் முழங்கால் வலி பரவாயில்லை, மாடிப்படி ஏறும்போது மட்டும் என்னைத் திட்டுகிறாள், படியைக் கட்டியவனே நான்தான் என்பதுபோல.

ஏம்ப்பா இந்த வயசுல செத்தவங்களுக்காக வம்பை விலைக்கு வாங்கறீங்க என்று போன வாரம் போனில் கேட்டாய். அம்மா பக்கத்திலேயே நின்றதால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை, அவளும் உன் கட்சிதான், உயிரோட இருக்கறவகிட்ட பேச நேரமில்ல செத்தவங்களுக்கு வக்கீலாப் போறாரு என்று பக்கத்து வீடுவரை சொல்லியாகிவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன், முழுசாகப் படித்துவிட்டு அப்புறம் திட்டு.

நம் கல்லறைத் தோட்டம் உனக்குத் தெரியும். நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால், செத்தவர்களைப் புதைக்கவும் இருப்பவர்கள் காலாற நடக்கவும் என்று மரமும் குளமும் வளைந்த பாதையுமாக ஊருக்கு வெளியே அமைத்தது, இப்போது ஊர் வளர்ந்து அதைச் சுற்றிக்கொண்டுவிட்டது. நான் பஸ்ஸைவிட்டு ஓய்வு பெற்றதும் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆட்களைச் சுற்றிக்காட்டும் வேலையைப் பராமரிப்புச் சங்கம் எனக்குக் கொடுத்தது, முப்பது வருஷம் டிக்கெட் டிக்கெட் என்று கத்திய தொண்டைக்கு மைக் செலவு இல்லையே. கப்பல்காரர் கல்லில் காதை வைத்தால் கடிகாரம் ஓடும், பாட்டு வாத்தியார் தலைமாட்டு மரம் காற்றில்லாமல் ஆடும் என்றெல்லாம் அளந்துவிட்டு, கடைசியில் எல்லாரையும் தலையில்லாத தேவதைச் சிலைக்குக் கூட்டிப் போவேன். பெற்ற மூன்று பிள்ளைகளுக்கும் விஷம் வைத்தவள் இங்கே படுத்திருக்கிறாள், அவளைப் புதைத்த அன்றே தேவதையின் தலை தானாக உருண்டு விழுந்தது என்று குரலைத் தாழ்த்திச் சொல்வேன். விஷக்காரி என்று பலகையே வைத்திருக்கிறார்கள். மூன்று வருஷம் இதைச் சொல்லிக் கைதட்டல் வாங்கினேன்.

நாலு மாசத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் போன பிறகும் ஒரு வயசான தையல்காரர் மட்டும் நின்றார். சண்டைக்கு வரவில்லை, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, “அவங்க எங்க அப்பாவோட அத்தைங்க. மூணாவது குழந்தையப் புதைக்கறப்ப அவங்களுக்கு அழுகை வரல. அவ்வளவுதான் அவங்க செஞ்ச தப்பு” என்றார். விஷக்காரி என்ற அந்த வார்த்தைக்குப் பயந்து அவர்கள் குடும்பமே அந்தப் பேரை எடுப்பதில்லையாம். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை, கண்ணு. அந்தப் பேச்சை ஊருக்குள் சுமந்து திரிந்த கடைசி ஆள் நானல்லவா?

மறுநாளே அலுவலகத்துக்குப் போய்ப் பழைய பதிவேட்டைக் கேட்டேன். பதிவேடு பார்க்கும் பெண் முதலில் முறைத்தாள், பிறகு அவளே உட்கார்ந்து பக்கம் புரட்டினாள். மூன்று குழந்தைகளும் பதினோரு நாளுக்குள் போயிருக்கின்றன, காரணம் தொண்டை அடைப்பான், இப்போது குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட்டுத் தடுக்கிறோமே அந்த நோய். அந்த மாசம் மட்டும் அதே நோயில் நாற்பத்தொரு குழந்தைகள். அத்தனை வீட்டுக்குமா அவள் விஷம் கொண்டுபோனாள்? இன்னொரு நோட்டில், மூன்றாவது குழந்தை போன இரண்டாம் மாசத்திலிருந்து இருபத்தாறு வருஷம் அதே தோட்டத்தில் தண்ணீர் ஊற்றும் வேலைக்கு அவள் வருகை பதிவாகியிருக்கிறது. நாம் நிழலில் நடக்கிறோமே அந்த இரட்டை வரிசை மரங்கள், அவை கன்றாக இருந்த காலம் அது. தேவதையின் தலையோ, அவள் சாவதற்கு நாலு வருஷம் முன்னாலேயே புயலில் கிளை விழுந்து உடைந்தது, அதற்கும் ஒரு வரி இருக்கிறது.

எல்லாவற்றையும் நகல் எடுத்துச் சங்கச் செயலாளரிடம் கொடுத்தேன். அவர் கெட்டவர் இல்லை, ஆனால் ஜனங்க காய்ச்சல் கதை கேக்கவா வர்றாங்க என்கிறார், பலகையை எடுத்தால் கூட்டம் குறையும், வேண்டுமானால் கமிட்டி கூடும்போது பார்க்கலாம், அதுவரை பழையபடியே சொல்லுங்கள் என்றார். பழையபடி சொல்ல என் வாய்க்கு இனிமேல் வராது என்றேன்.

போன ஞாயிற்றுக்கிழமை தையல்காரரை வரச் சொல்லியிருந்தேன். முப்பது பேர் இருப்பார்கள், செயலாளரும் முன்னால் நின்றார். இவ்வளவு நாள் நான் இங்கே சொன்னது பொய் என்று ஆரம்பித்தேன். பிறகு நாற்பத்தொரு குழந்தைகளின் பேரையும் வயசோடு வாசித்தேன். இரண்டு பேர் நழுவினார்கள், மற்றவர்கள் அசையவில்லை. முடிந்ததும் தையல்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து, சிலையின் காலடிக் கல்லில் பாசி பிடித்த எழுத்தை விரலால் தேய்த்து, அத்தையின் பேரை வாய்விட்டுப் படித்தார். சரியாகச் சொன்னோமா என்று சந்தேகம் வந்தவர்போல இன்னொரு முறை சொன்னார்.

செயலாளர் என் சட்டையிலிருந்த வழிகாட்டி அட்டையைக் கேட்டார், கழற்றிக் கொடுத்துவிட்டேன். அதற்காக வருத்தப்படாதே. வாசல் எல்லாருக்கும் திறந்துதான் இருக்கிறது, காலாற நடக்க யாரும் வரலாம். இனி ஒவ்வொரு ஞாயிறும் நகலைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பலகை பக்கத்தில் நிற்கப் போகிறேன், கேட்பவர்களுக்குச் சொல்வேன், பலகை இறங்கும்வரை சொல்வேன். அம்மாவும் வருகிறேன் என்கிறாள், இவரைத் தனியா விட்டா அடி வாங்கிட்டு வருவாரு என்று காரணம் வேறு.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் பாப்பாவுக்கும் எங்கள் ஆசீர்வாதம், நோய் நொடி அண்டாமல் நூறு வருஷம் நன்றாக இருங்கள். வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே. பாப்பாவின் தடுப்பூசித் தேதியை ஒரு நாள்கூடத் தள்ளாதே, போட்டதும் எனக்கு ஒரு வரி எழுது.

உன் பிரியமுள்ள,
அப்பா