தையல் பிரித்த புத்தகம்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம் என்று தொடங்கத்தான் நினைத்தேன், கை வரவில்லை. போனில் பேசினால் கத்திவிடுவேன். அதனால் எழுதுகிறேன்.

நீ அனுப்பிய போட்டோவைப் பார்த்தேன். உன் வீட்டுக் கூடத்துச் சுவரில் ஆறு கண்ணாடிச் சட்டங்கள், அவற்றுக்குள் என் புத்தகத்தின் பக்கங்கள். “வர்றவங்க எல்லாம் உங்கம்மாவா பண்ணாங்கன்னு கேக்கறாங்க” என்று பெருமையாக எழுதியிருக்கிறாய். மாப்பிள்ளையிடம் காட்டிவிட்டுத் தருகிறேன் என்று வாங்கிப் போன புத்தகம் அது. தையலை எதால் வெட்டினாய்? காய்கறிக் கத்தியாலா?

அதை எப்படிச் செய்தேன் என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. அப்பா போன பிறகு அம்மா பொழுது போக ஏதோ புத்தகம் தைக்கிற வகுப்புக்குப் போகிறாள் என்று உன் மாமியாரிடம் சொன்னாயாம். பொழுது போகவா? சொல்லித்தருகிற பெண்ணுக்கு உன் வயதுகூட இல்லை. தாளுக்கும் ஒரு போக்கு உண்டு, அதை எதிர்த்து மடித்தால் வெடிக்கும் என்று எனக்குப் புரியவைக்க அவள் ஒரு மாதம் பாடுபட்டாள். முதல் புத்தகத்தில் பசை வழிந்து, பக்கமெல்லாம் ஒட்டிக்கொண்டு செங்கல் மாதிரி ஆனது. இரண்டாவதற்கு அட்டையைத் தலைகீழாக ஒட்டினேன். மூன்றாவதை, “பிரிச்சுட்டு மறுபடி தைங்க ஆன்ட்டி” என்று நான்கு முறை பிரிக்க வைத்தாள். விரல் நுனியெல்லாம் ஊசிக் குத்து. உருப்படியாக வந்த அந்தப் புத்தகத்தைத்தான் நீ அறுத்திருக்கிறாய்.

பேச்சு நின்ற பிறகு அப்பா இடது கையால் எழுதிக் காட்டிய துண்டுச் சீட்டுகள்தான் அந்தப் பக்கங்களில் இருப்பவை. தண்ணி. ஜன்னலைத் திற. அவ போன் பண்ணாளா. தேதி வாரியாக ஒட்டி, மடித்து, மெழுகு தடவிய நூலால் தைத்தேன். கையில் வைத்துப் புரட்டினால் எழுத்து பெரிதாகிக்கொண்டே வந்து, கோணலாகி, நின்றுபோகும். நீயோ பார்க்க அழகாக இருந்த ஆறைப் பொறுக்கி மாட்டியிருக்கிறாய். முதல் நாள் எழுதிய ‘தண்ணி’ உன் சுவரில் கடைசியாகத் தொங்குகிறது.

முடிவில் பதினொரு வெற்றுப் பக்கங்கள் இருந்தனவே, அவை எங்கே என்று நேற்று செய்தி அனுப்பிக் கேட்டேன். “வெறும் தாள்தானேம்மா, பாப்பா படம் வரையட்டும்னு குடுத்துட்டேன்” என்று பதில் போட்டாய்.

வெறும் தாள் இல்லையடி. பேனாவைக் கொடுத்தாலும் பிடிக்காமல் அவர் படுத்திருந்த பதினொரு நாள். நாளுக்கு ஒரு பக்கம். அந்த நாளெல்லாம் லீவு கிடைக்கவில்லை என்றாய், டிக்கெட் கிடைக்கவில்லை என்றாய். பன்னிரண்டாம் நாள் வந்து நின்றாய். இதுவரை உன்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. இன்று சொல்லிவிட்டேன்.

என் பேத்தியைத் திட்டாதே. அவள் வரைந்தது வரைந்தபடியே இருக்கட்டும். சுவரில் இருப்பதைச் சட்டத்திலிருந்து எடு, மாட்டாமல் விட்ட பக்கங்களையும் சேர்த்து வை. தையல் ஓட்டைகளைத் தேய்த்துச் சரிசெய்கிறேன் என்று இறங்காதே. கூரியரில் அனுப்பாதே, நீயே கொண்டு வா. வரிசை எனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல நீ அடுக்க வேண்டும்.

அம்மாவுக்குக் கோபம் ஆறட்டும், பிறகு போகலாம் என்று நாள் பார்க்காதே. ஆறுவதற்குள் வந்துவிடு.

நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
அம்மா