சாம்பிராணியும் கம்ப்யூட்டர் உறையும்

ஆடி கடைசி வெள்ளி, 1998. இரவு.

மாலையில் வழக்கம்போல வீடு முழுக்கச் சாம்பிராணி போட்டேன். புகையும் சாம்பலும் கம்ப்யூட்டருக்குள் போய்விடக்கூடாதே என்று, ரோட்டில் போகும் கல் லாரிகளின் தூசிக்காக நான் தைத்த உறையை அதன்மேல் இழுத்து மூடினேன். திரை கறுப்பாக இருந்ததால் அணைந்திருக்கிறது என்று நினைத்துவிட்டேன். மகள் கவிதா திரையை மட்டும் அணைத்து, பெட்டியை ஓடவிட்டுத்தான் தோழி வீட்டுக்குப் போயிருக்கிறாள்.

அவள் வந்து உறையை எடுத்தபோது சூட்டு வாடை வீசியது. பெட்டி கொதித்தது, திரையில் ஒன்றும் வரவில்லை. திங்கட்கிழமை கல்லூரியில் கொடுக்க வேண்டிய ப்ராஜெக்ட் முழுவதும் அதற்குள்தான். பிளக்கைப் பிடுங்கினாள்.

"தூசி போவக்கூடாதுன்னுதான்டி மூடினேன்."

"ஓடறப்ப மூடுனா அதுக்கு மூச்சு முட்டாதாம்மா? நிறுத்தி, ஆறவிட்டு அப்பறமா மூடு."

நான் போய் முருகன் படத்துக்கு முன்னால் நின்றுகொண்டேன். சூடு தணிந்ததும் அவள் காய்ந்த பிரஷால் பின்பக்கத் துளைகளைத் தட்டிவிட்டு மறுபடி போட்டாள். ப்ராஜெக்ட் அப்படியே இருந்தது.

"வாம்மா, உன் முருகன் பாஸ் ஆயிட்டாரு!"

இப்போது அணைத்துவிட்டுத் தூங்குகிறாள். பெட்டியின் பின்னால் கை வைத்துப் பார்த்தேன். சில்லென்று இருந்தது. முருகா என்று உறையைப் போட்டேன்.