எயினி வடித்த நாற்பத்தேழு பக்கங்கள் குறித்துத் தண்டநாயகருக்கு விடுத்த ஓலை

மங்கலம் பொலிக. குன்றும் குளமும் குறைவற்ற குறும்பொறை நாட்டை ஒரு குடைக்கீழ்க் காப்பவரும், பகைவரின் முதுகையன்றி முகத்தைக் கண்டறியாதவருமாகிய வெண்கோட்டு நெடுஞ்சாத்தன் மாமன்னரின் திருவாய்மொழிப்படி, திருமந்திர ஓலைநாயகம் கூத்தன் அதிரன் எழுதி விடுக்கும் ஓலை. நீர்முளைக் கூற்றத்தின் தண்டநாயகரும், மூன்று போர்களில் மார்பிற் புண் ஏற்றவருமாகிய விடங்கன் சேந்தனார் காண்க. தங்கள் ஏரிகள் நிறைக, ஆநிரை பெருகுக, இல்லத்தார் அனைவரும் இனிது வாழ்க. அவ்வில்லத்தாருள் ஒருத்தியைப் பற்றியதே இவ்வோலை.

தமக்கை மகள் எயினிக்கு இரக்கம் வேண்டித் தாங்கள் விடுத்த ஓலை அவையில் படிக்கப்பட்டது. அவள் வலைத்தளம் வடிப்பவள் என்றும், விரல்களே அவளுக்குப் பிழைப்பு என்றும், கைகளை வெட்டுவது என்ற தீர்ப்பை மாற்ற வேண்டும் என்றும் அதில் கண்டிருந்தது. மன்னர் இருமுறை கொட்டாவி விட்டார். ஆயினும் கடைசி எழுத்து வரை கேட்டார். மூன்று போர் கண்ட மாமனுக்கு இவ்வளவாவது செய்ய வேண்டாமா?

அரசன் சொல் ஓலையில், குடிகள் தேவை வலையில் என்பது நம் நாட்டு வழக்கு. குழாய் பழுதுபார்ப்போரும், கூரை வேய்வோரும், கிணறு தூர்வாருவோரும் முன்பெல்லாம் சந்தை முக்கில் கருவிகளோடு குந்தியிருப்பார்கள். யார் கூப்பிடுவார்கள் என்று வாய் பார்த்திருப்பார்கள். அவர்களைக் கைப்பேசிக்குள் குடியேற்றியவள் எயினி. அவள் கைத்திறனை மறுப்பதற்கில்லை. பக்கத்தைத் திறந்தால் கட்டைவிரல் விழும் இடத்தில் அழைப்புப் பொத்தான் இருக்கும். யாரோ ஓர் அழகனின் படம் இராது. சேறு பூசிய மெய்யான ஆளின் படமே இருக்கும். தெருப்பெயரும், வேலை செய்வித்த வீட்டாரின் சொல்லும் அவர்கள் பேசியபடியே இருக்கும். அவள் முதன்முதலில் பக்கம் வடித்துக் கொடுத்தது மலையூராகிய கருங்குடுமியில் கிணறு தூர்வாரும் உலகனுக்கு. அதன் பின் அந்த ஆளுக்கு உண்ண நேரமில்லை என்று ஊரார் சாட்சி சொன்னார்கள்.

பிறகு வந்தார் நெல்வாயில் தலைநகரின் பெரிய ஒப்பந்தக்காரர் கொடுமரன். நாட்டின் நாற்பத்தேழு ஊரிலும் வீட்டுவேலை என்றால் தம் பெயரே முதலில் தோன்ற வேண்டும் என்றும், உள்ளூர் ஆட்களுக்கு அவள் செய்து கொடுத்த பக்கங்களை வலையிலிருந்து இறக்கிவிட வேண்டும் என்றும் கேட்டார். எயினிக்கு மூன்று நாள் உறக்கமில்லையாம். அவளே அவையில் சொன்னாள். நான்காம் நாள் நன்றாக உறங்கி எழுந்து, உலகனின் பக்கத்தை இறக்கினாள். அவனுக்குச் சொல்லவில்லை, சொல்ல வெட்கமாக இருந்ததாம். அவனோ பருவம் மந்தம் என்று எண்ணி, அழைப்பு வரும் வரும் என்று மாதக்கணக்கில் கைப்பேசியை மடியிலேயே வைத்திருந்தான்.

நாற்பத்தேழு ஊருக்கும் நாற்பத்தேழு பக்கம் எழுத யாருக்குப் பொறுமை உண்டு? ஆற்றங்கரை ஊர் ஒன்றுக்கு ஒரு பக்கம் எழுதி, ஊர்ப்பெயரை மட்டும் மாற்றி மாற்றி ஏற்றினாள். அதனால் மலையுச்சியில் இருக்கும் கருங்குடுமியின் பக்கத்திலும், உங்கள் ஊர்ப் படகுத்துறைக்கு எதிரே எங்கள் பட்டறை, அழைத்த அரை நாழிகையில் வாசலில் நிற்போம் என்று இருந்தது. மலைக்கு எங்கிருந்து படகுத்துறை என்று ஊரே சிரித்தது. சிரித்தவர்கள் அதிலிருந்த கொடுமரனின் எண்ணைக் குறித்தும் வைத்துக்கொண்டார்கள். அதன் கீழே இன்னொரு வரியும் சேர்த்திருந்தாள்: உள்ளூர் அரைகுறைகளைக் கிணற்றில் இறக்காதீர்கள், உயிருக்கு ஆபத்து.

சென்ற ஆடியில், அவ்வூர் வேட்டன் தன் கிணற்றில் சிக்கிய மோட்டாரை விடுவிக்க உள்ளே இறங்கினான். பக்கச் சுவர் சரிந்து அவனை இடுப்பளவு கல்லில் புதைத்தது. அவன் மனைவி சாத்தி பொத்தானை அழுத்தினாள். இதோ பக்கத்தில்தான் இருக்கிறோம், எதையும் தொடாதீர்கள் என்று மறுமுனை சொன்னது. மறுமுனை இருந்தது மூன்று காதத்துக்கு அப்பால். அதற்குள் நான்கு வீடு தள்ளியிருந்த உலகன் தோளில் கயிற்றோடு ஓடிவந்தான். அடுத்து நடந்ததைச் சாத்தி அவையில் சொன்னபடியே எழுதச் சொல்லி மன்னர் பணித்தார்:

"நான் எறங்கி எடுத்துர்றேன்னு வந்து நின்னாரு. நான்தான் கயித்தப் புடிச்சு நிறுத்துனேன். எறக்குனா உசுருக்கு ஆபத்துன்னு அதுல போட்டிருந்துச்சே. கீழேருந்து எம் புருசன் உலகா உலகான்னு கூப்பிட்டுக்கிட்டேதான் இருந்தாரு."

ஏழு நாழிகை கழித்துக் கொடுமரனின் வண்டி மலையேறி வந்தது. அப்போது கிணறு அமைதியாக இருந்தது. வந்தவர்கள் படகுத்துறை எங்கே என்று வழி கேட்டுக்கொண்டு வந்தார்களாம்.

கொடுமரன் கழுவேறிவிட்டார், அவரைப் பற்றி இனி எழுத ஒன்றுமில்லை. கயிறு கையில் இருந்தும் ஒரு பெண்ணின் சொல்லுக்கு நின்றுவிட்ட குற்றத்துக்காக உலகனுக்குப் பத்துக் கசையடி. அடி வாங்கி எழுந்தவனிடம் வேறு குறை உண்டோ என்று மன்னர் கேட்க, தன் பக்கத்தை மட்டும் எயினியைக் கொண்டு மீண்டும் போட்டுத் தரச் சொல்லுமாறு வேண்டினான். அவை நெடுநேரம் சிரித்தது. எயினி ஒருத்திதான் அழுதாள்; அதுவரை அவள் அழவில்லை.

அந்த வரியை ஏன் எழுதினாய் என்று வினவப்பட்டபோது அவள் தலை நிமிர்ந்தே விடை சொன்னாள். "எல்லாப் பக்கத்துலயும் போடுற வரிதாங்க அது. ஆளுங்க அவ்வளவு கீழ வரைக்கும் படிக்க மாட்டாங்கன்னு நெனச்சேன்." மெய்யே சொன்னாள் என்பதை அவையே ஒப்பியது. மெய் சொன்னதற்குத் தண்டனை குறையும் என்று அவளுக்கு யார் சொன்னார்களோ தெரியவில்லை.

இனி மன்னரின் கருணையைக் கேட்டருள்க. தங்கள் வேண்டுகோளுக்கு இணங்கி, எயினியின் பத்து விரலும் காக்கப்படும். நாற்பத்தேழு பக்கங்களும் அப்படியே நிற்கும். ஓர் எழுத்தும் மாறாது. எண் மட்டும் மாறும். இனி அது எயினியின் எண். ஓராண்டுக் காலம் அவள் நெல்வாயில் கோட்டை வாயிலில் இருப்பாள். எவ்வூரில் எவ்வீட்டார் அழைப்பினும், வாக்களித்தபடி அரை நாழிகையில் அவ்வாசலில் நிற்க வேண்டும். வண்டி கிடையாது, கால்கள் உண்டு. தாமதிக்கும் ஒவ்வொரு நாழிகைக்கும் ஒரு கசையடி; அழைத்தவரே அடிக்க வேண்டும். அடி முடிந்ததும் கிணறோ குழாயோ அவ்வீட்டில் பழுதானதை அவளே இறங்கிப் பார்க்க வேண்டும். அவள் எழுதிய சொல்லை அவளே நிறைவேற்றுவதில் கொடுமை என்ன இருக்கிறது என்று மன்னர் வினவினார்.

சாத்தியை முதலில் அழைக்கச் சொன்னோம். அவள் அழைக்க மறுத்துக் கைப்பேசியைக் கிணற்றில் எறிந்துவிட்டாள். ஆகவே முதல் அழைப்பு தங்கள் மாளிகையிலிருந்து வர வேண்டும் என்பது ஆணை. நெல்வாயிலிலிருந்து நீர்முளைக்கு நான்கு காதம். நடந்தால் இருபது நாழிகைக்குக் குறையாது. கணக்கு எளிது. கசையைத் தாங்களே ஏந்த வேண்டும். ஏவலர் கையில் தரலாகாது. அழைக்க மாட்டேன் என்பீராயின் அதுவும் தங்கள் விருப்பமே. முதல் தீர்ப்பு நிற்கும், அன்றே இரு கைகளும் வெட்டப்பட்டுப் பட்டுத்துணியில் சுற்றித் தங்களிடம் அனுப்பப்படும்.

ஓலை கொணர்ந்தவன் தங்கள் முன் நிற்பான். அவன் கையிலுள்ள கைப்பேசியில் நீர்முளைக்குரிய பக்கம் திறந்திருக்கும். இவ்வோலையைப் படித்து முடித்த அளவில், அவன் காணத் தாங்கள் விடை தருக. எவ்வூர் அழைப்பு முதலில் வரும் என்பது எயினிக்குச் சொல்லப்படவில்லை. தன் மாமன் வேண்டிக் கொண்டதால்தான் கை தப்பியது என்று மட்டும் சொன்னோம். தங்களைக் காலமெல்லாம் தொழுவேன் என்றாள்.

வெண்கோட்டு இலச்சினை இட்டோம். அரசாணை தாழாது நடக்க.