தோளைப் பிடித்த கை

மார்ச் 4
அண்ணனின் கழுத்து இடப்பக்கம் நாற்பது பாகைதான் திரும்புகிறது. விபத்துக்குப் பிறகு மறுபடி பள்ளி வேன் ஓட்ட அறுபது பாகையாவது வேண்டும் என்கிறது நிர்வாகம். வழக்கம்போல, கிளினிக்கில் என்னோடு வேலை பார்க்கும் தோழி வாயாடி பின்னால் நின்று அவன் தோளை அழுத்திப் பிடித்தாள். தலையில் மாட்டிய கோணமானியை நான் படித்தேன். பிசியோதெரபி படித்த காலத்திலிருந்து நாங்கள் இப்படித்தான். தோள் சேர்ந்து திரும்பினால் அளவு பொய்யாய் ஏறிவிடும். "ஏன்டீ, இது உங்கண்ணன் தோளா, தூணா?" என்றாள். அவன் சிரிக்கவில்லை. வேன் இல்லாமல் அவனுக்குக் கைகால் ஓடவில்லை.

மார்ச் 19
அறுபத்திரண்டு! மறுபடி அளந்தேன், அதேதான். தகுதிச் சான்றில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். போனில் அம்மா அழுதேவிட்டாள்.

மார்ச் 26
மாலையில் அவன் வேனில் வந்தேன். திருப்பத்தில், "இடப்பக்கம் ஏதாச்சும் வருதா பாரு" என்றான்.
"நீயே பாரேன்."
"பாருன்னா பாரு!"
பார்த்தேன். சைக்கிள். நான் போட்ட கூச்சலில் பிரேக்கை மிதித்தான். பின்னால் பிள்ளைகள் ஒருவர்மேல் ஒருவர் சரிந்தார்கள். யாருக்கும் அடியில்லை.
வீட்டில் அவனை நாற்காலியில் உட்காரவைத்து நானே தோளைப் பிடித்தேன். முகவாய் பாதி வழிகூட வரவில்லை.
"அன்னைக்கு மட்டும் எப்படிண்ணா?"
"உன் தோழியைக் கொஞ்சம் தளர்த்திப் பிடிக்கச் சொன்னேன். உனக்குத் தெரிஞ்சா நீ விடமாட்டே."
ஐயோ. என் கையெழுத்தை நம்பித்தானே அத்தனை பிள்ளைகளையும் ஏற்றியிருக்கிறார்கள்?

மார்ச் 27
வாயாடியிடம் கேட்டேன். "அண்ணன் கண் கலங்கிட்டாருடி. நீயும் எவ்வளவு தவிச்சே! உனக்காகத்தான் செஞ்சேன்" என்றாள்.
எனக்காகவா? கோணமானி முள்ளையே கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்த என்னை முட்டாளாக்கியது எனக்காகவா? நம்பவைத்துக் கழுத்தறுத்துவிட்டாள். வேறு எப்படி எழுதுவது, எங்கள் பிழைப்பே கழுத்துதான்.

மார்ச் 28
பள்ளிக்குப் போய், என் அளவு தப்பு என்று சொல்லிச் சான்றைத் திரும்பப் பெற்றேன். அண்ணனிடமிருந்து வேன் சாவியை வாங்கிக்கொண்டார்கள். "நீயெல்லாம் கூடப்பிறந்தவளா?" என்றாள் அம்மா. ஏமாற்றியது அவர்கள், பாவி நானா?

ஏப்ரல் 2
அண்ணன் சிகிச்சைக்கு வருவதில்லை. நானும் கூப்பிடவில்லை.

ஏப்ரல் 9
தோளை நாற்காலியோடு சேர்த்துக் கட்டும் பட்டை வாங்கினேன். "என்மேல நம்பிக்கை இல்லையாடி?" என்றாள் வாயாடி. "இல்லை" என்றேன்.

ஏப்ரல் 23
அண்ணன் வந்தான், சொல்லாமல் கொள்ளாமல். வாயாடி பழக்கதோஷத்தில் அவன் பின்னால் போய் நின்றாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. பட்டையை எடுத்து என்னிடம் நீட்டினான்.
"இறுக்கிக் கட்டு. இதுகிட்டயாவது நான் கெஞ்ச முடியாது."
நாற்பத்தேழு. உரக்கப் படித்தேன். வாயாடி அதற்குள் அறையைவிட்டுப் போயிருந்தாள்.