தேசாதிபதியின் பதில் வந்தது, அண்ணே

என் அருமை அண்ணே,

நீ போன பிறகு உன் பெயருக்கு வந்த முதல் கடிதம் சர்க்காருடையது. பிரிக்க மனசில்லாமல் இரண்டு நாள் சாமி படத்தடியில் வைத்திருந்தேன். பிறகு படித்தேன்.

வாக்காளர் பட்டியலில் நம் இருவர் பெயரையும் வெட்டிவிட்டார்கள் என்று இலங்கையை ஆளும் வெள்ளைக்காரத் தேசாதிபதிக்குப் பெட்டிசம் எழுதினாயே, அதற்குப் பதில் நாலே வரி. பட்டியல் அரசாங்க சபையின் பொறுப்பாம், தேசாதிபதி அதில் தலையிடுவதற்கில்லையாம். ஆனால் இரத்தோட்டைக் கூட்டத்தில் சபை உறுப்பினரை நீ மறித்துக் கேட்டபோது அவர் என்ன சொன்னார்? இந்தியாக்காரர் விஷயம் தேசாதிபதி கையில், சபைக்கு அதில் அதிகாரம் இல்லை என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போனார்.

நான் ரொட்டி தட்டும்போது பேப்பரை விரித்துவைத்து எனக்கு விளக்குவாய். "சட்டம் போடுறது சபை. தடுக்கிறது தேசாதிபதி. ஒருத்தர் தப்புப் பண்ணா மத்தவர் புடிச்சு நிறுத்துவார். அதுக்குத்தான் அதிகாரத்த ரெண்டாப் பிரிச்சு வச்சிருக்காங்க." எங்கே நிறுத்தினார்கள் அண்ணே? தோட்டத் துரைமார் காரியம் என்றால் உடனே எழுதும் தேசாதிபதியின் பேனா, நம் பெயர் என்றதும் ஏன் எழுதவில்லை? இருவருக்குமே இல்லாத அதிகாரம் எப்படி நம்மை வெட்டியது?

உன்மேலும் கோபம்தான், மறைக்க மாட்டேன். பட்டியல் எழுத வந்த ஊர்த் தலைவன் ஆரச்சி, "நீங்க எங்கேருந்து வந்தவங்க?" என்று கேட்டதும், நெஞ்சை நிமிர்த்தி "துறையூர் பக்கம்" என்றாய். கல்யாணம் பேசினாலும் கோயிலில் பெயர் கொடுத்தாலும் நம் சனம் தாத்தா ஊரைத்தானே சொல்லும். நீ துறையூரையும் பார்த்ததில்லை, கப்பலையும் பார்த்ததில்லை. அவன் தலையாட்டிக்கொண்டே நம் வீட்டை நிரந்தரக் குடியில்லாதவர்கள் என்று எழுதிப் போனான். பக்கத்தில் நின்ற நானும் வாயைத் திறக்கவில்லை. அதை நினைத்தால் என்னையே எனக்குப் பிடிக்கவில்லை.

நேற்று மாத்தளையில் உள்ள சர்க்கார் கச்சேரிக்குப் போனேன். கிளார்க் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"ஒங்க அண்ணன்தானே வெளியூருன்னு சொன்னாரு? மாத்தணும்னா எழுத்துல ஏதாச்சும் கொண்டாங்க."

"பிறப்புப் பத்திரம் இல்லீங்க. தோட்டத்து லயத்து வீட்டுல பொறந்தவ நான். யாரும் பதியல."

"அப்ப நான் என்ன செய்யிறது? மேல கேளுங்க."

"மேலன்னா யாருங்க? சபையா, தேசாதிபதியா?"

அதற்கு அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வீட்டுக்கு வந்து உன் மரணச் சாட்சிப்பத்திரத்தைப் பிரித்தேன். வாங்கி வந்த நாளிலிருந்து தொடவே இல்லை. பிறந்த இடம் மாத்தளை என்று இருக்கிறது. பதிய வந்தவர் கேட்டார், நான் அழுதுகொண்டே சொன்னேன், அப்படியே எழுதி முத்திரை குத்திவிட்டார். அன்றைக்கு என் வாய்ச்சொல்லே போதுமாயிருந்தது. செத்தவன் வோட்டுக் கேட்கமாட்டான் அல்லவா.

திங்கட்கிழமை மறுபடியும் போகிறேன் அண்ணே. அந்தப் பத்திரத்தை அவர் மேசையில் வைப்பேன். இவனைப் பெற்ற அதே தாய், அதே லயத்தில்தான் என்னையும் பெற்றாள், செத்தவனுக்கு எழுதிய ஊரை உயிரோடு நிற்பவளுக்கும் எழுதுங்கள் என்பேன். எழுதும்வரை அந்த இடத்தைவிட்டு நகரமாட்டேன். இது உன்மேல் சத்தியம்.

மாத்தளையில் பிறந்த உன் தங்கை,
செல்லம்மா