சைகாலும் எட்டும் ஏழும்

ஜனவரி 16
பள்ளிக் கொதிகலன் மறுபடியும் மக்கர். என் வகுப்புப் பிள்ளைகள் கோட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். ஏழு பெரிசா, ஒன்பது பெரிசா என்று சைகாலைக் கேட்டேன். எழுந்து நின்று பலகையை நன்றாகப் பார்த்தாள்.
“ஏழுதான் அக்கா. அது நிமிந்து நிக்குது.”
வகுப்பே சிரித்தது. அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வாசிப்பில் மூன்றாம் வகுப்பிலேயே முதல் ஆள். பிறகு ஏன்?

ஜனவரி 19
அவள் அப்பா தலாய் வந்தார். மலைப்பாதையில் நிலக்கரி லாரி ஓட்டுபவர்.
“திமிரு தங்கச்சி, வேறென்ன? வாய்ப்பாடு மொத்தமும் அவளுக்கு அத்துப்படி.”
சைகால் பாட்டுப் போல ஒப்பித்தாள். மூநான்கு பன்னிரண்டு. மேசையில் குருத், காய்ந்த தயிர் உருண்டைகள், கொட்டியிருந்தது. பன்னிரண்டு உருண்டை எடு என்றேன். இரண்டு கையாலும் அள்ளி, போதுமா என்று என் முகத்தைப் பார்த்தாள்.
தலாய் தொப்பியைக் கழற்றினார். “மாஸ்கோவில வேலை பாக்குற இவம்மா போன் பண்ணுவா. நான் என்னன்னு சொல்ல?”

பிப்ரவரி 4
பள்ளி விட்டதும் அடுப்போரம் உட்காருகிறோம். எண்களை எழுதுவதே இல்லை. குருத்தைக் கூட்டம் கூட்டமாக வைக்கிறோம், கலைக்கிறோம். இன்று நான் தேநீர் ஊற்றத் திரும்பியபோது வாயில் இரண்டைப் போட்டுக்கொண்டாள். பிறகு மேசையையே பார்த்தாள்.
“அக்கா... கம்மியாயிடுச்சு.”
ஆமாம், கம்மியாகிவிட்டது! எண்ணாமலே தெரிந்திருக்கிறது அவளுக்கு. நான் ஏன் அழுதேன்?

பிப்ரவரி 21
தலைமையாசிரியை கூப்பிட்டார். மார்ச்சில் அவளைச் சோதிக்க மாவட்டக் குழு வருகிறதாம். தேறாவிட்டால் சைகால் தொக்மோக் பக்கம், படிப்பு ஏறாத பிள்ளைகளுக்கான ஓர் உறைவிடப் பள்ளிக்கு. “அவ நல்லதுக்குத்தான் மீரிம்” என்கிறார். ஒன்பது வயதுப் பிள்ளை, மலைக்கு அந்தப் பக்கம், தனியாக.

மார்ச் 12
குழுவில் மூன்று பேர். நடுவில் இருந்த அம்மாள் கடிகாரத்தை மேசைமேல் வைத்தார். எட்டும் ஏழும்?
சைகாலின் விரல்கள் பாவாடை மடிப்புக்குள் அசைந்தன. ஏழிலிருந்து இரண்டை எட்டுக்குக் கொடுக்கிறாள், எனக்குத் தெரியும். பத்து ஆகிவிட்டது. இன்னும் கொஞ்சம், கொஞ்சம்தான்—
“நேரம் முடிஞ்சுது. அடுத்தது.”
“பதினஞ்சு” என்றாள் சைகால். யாரும் எழுதிக்கொள்ளவில்லை. “அவ சொல்லிட்டாளே!” என்று நான் கத்தியதை மட்டும் எழுதிக்கொண்டார்கள்.

மார்ச் 13
தொக்மோக்தான்.

ஏப்ரல் 1
விடுமுறை முடிந்தது. அவள் பெஞ்சு காலி. காலையில் தலாய் லாரியில் கூட்டிப்போனாராம். பாடம் நடத்தினேன். என்ன நடத்தினேன் என்று கேட்டால் தெரியாது.

ஏப்ரல் 2
நம்பவே முடியவில்லை. முதல் மணிக்கு முன்னால் வாசலில் லாரி. பெட்டியோடு சைகால்.
தலாய்க்குக் கண் சிவந்திருந்தது. “கொண்டுபோய் விட்டுட்டேன் தங்கச்சி. கேட்டுக்குள்ள போனவ ஓடி வந்தா. அழல, இருக்கமாட்டேன்னும் சொல்லல. ‘அப்பா, பாதையில பனி இருக்கு, மெதுவா ஓட்டுங்க’ன்னா. அவ்ளோதான். எனக்குக் கையே ஓடல. ஏத்திக்கிட்டு வந்துட்டேன்.”
“குழு?”
“நான் சம்மதிக்காம அவங்க என்ன பண்ண முடியும்? எவ கேட்டாலும் எங்கிட்ட அனுப்பு. உன் வேலை போயிடாதே?”
தெரியாது என்றேன். அது உண்மைதான். தலைமையாசிரியை ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திரையை இழுத்து விட்டார். அதற்கு அர்த்தம் என்னவோ. கேட்கப்போவதில்லை.

மே 17
லாரி ஓடாத நாளில் தலாயும் அடுப்போரம் வந்து உட்காருகிறார். குட்டி பெஞ்சு, முழங்கால் மோவாயை இடிக்கிறது. இன்று பதிமூன்றிலிருந்து ஐந்தை எடுக்கும் கணக்கு. சைகாலின் விரல் மேசைமேல் மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது. விடையைச் சொல்லிவிட அவர் உதடு துடித்தது.
“அப்பா, சொல்லிடாதீங்க. நான் போய்க்கிட்டிருக்கேன்.”
அந்தப் பெரிய மனிதர் கரி படிந்த இரு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டார். காத்திருந்தோம்.